நல்ல ஸ்கூல் என்றால் எது? கிடர்பூரிலிருந்து ஒரு புலம்பல்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "பிள்ளையை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?" வீடு, தண்ணீர், இட்லி அரிசி கிடைக்கும் கடை எல்லாம் அப்புறம்தான். கிடர்பூருக்கு வந்து எனக்குப் பதினோரு வருஷம் ஆகிறது. துறைமுகத்தைச் சார்ந்த வேலை. புதிதாக வரும் குடும்பங்கள் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் நாலு பெயர் சொல்லுவேன். உடனே அடுத்த கேள்விகள் வரிசையாக வரும். ஸ்மார்ட் கிளாஸ் இருக்கா? ஏசி இருக்கா? கோடிங் உண்டா? கூடப் படிக்கிற பசங்க எப்படி?

அந்தக் கடைசிக் கேள்விதான் விஷயமே. நாகரிகமாகக் கேட்கிறார்களே தவிர, அதன் அர்த்தம் வேறு. டாக் தொழிலாளியின் பிள்ளையும் ஃபேன்சி மார்க்கெட் கடைப் பையனும் என் பிள்ளை பக்கத்தில் உட்காருவார்களா என்பதுதான் கேள்வி. உட்கார மாட்டார்கள் என்று தெரிந்தால் ஃபீஸ் எவ்வளவு ஆனாலும் கட்டிவிடுவோம். நம்மில் பலர் கட்டும் ஃபீஸில் பாதி இதற்காகத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதே ஊரில் இதற்கு நேர் எதிராக ஒரு பள்ளி நடந்திருக்கிறது. சியால்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லொரெட்டோ டே ஸ்கூல். 1979-இல் சிஸ்டர் சிரில் மூனி அங்கே முதல்வராக வந்தார். அயர்லாந்தில் பிறந்து, 1956-இல் இந்தியா வந்தவர். அவர் பொறுப்பேற்றபோது பள்ளியில் ஏறக்குறைய 790 மாணவிகள். ஃபீஸ் கட்டாத ஏழைப் பெண்கள் அதில் 90 பேர் இருக்கலாம். 1998 வாக்கில் மொத்தம் 1400 பேர், அதில் 700 பேர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபீஸ் கட்டுகிறவர்கள் முன்னாலும் சுமார் 700, பின்னாலும் சுமார் 700. குடிசைப் பிள்ளைகள் வந்தால் வசதியான வீட்டார் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறோமே, அப்படி யாரும் ஓடவில்லை.

அதோடு நிற்கவில்லை. ஸ்டேஷனைச் சுற்றித் திரியும் பிள்ளைகளுக்காக ரெயின்போ என்று ஒரு ஏற்பாடு செய்தார். அந்தப் பிள்ளைகள் முடிந்த நேரத்தில் வரலாம். யார் சொல்லித் தருவது? அதே பள்ளியின் பெரிய வகுப்பு மாணவிகள்தான். ஒருத்திக்கு ஒருத்தி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். ஸ்கூல் விட்ட பிறகு செய்யும் சேவை இல்லை இது. கணக்கு, சரித்திரம் மாதிரி டைம்டேபிளிலேயே அதற்கு இடம் உண்டு. வாராவாரம் கிராமப் பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லித் தருவதும் இருந்தது. 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2023-இல் காலமானார்.

"சரிங்க, நல்ல காரியம்தான். ஆனா நம்ம பிள்ளைக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஒரு பாடம் நமக்குப் புரிந்ததா இல்லையா என்பது அதை இன்னொருவருக்குச் சொல்லித் தரும்போதுதான் தெரியும். பின்னத்தைப் பின்னம் தெரியாத ஒரு குழந்தைக்கு விளக்க வேண்டும் என்றால் மனப்பாடம் கைகொடுக்காது. ரொட்டியைப் பிய்த்துக் காட்ட வேண்டும், வேறு வார்த்தை தேட வேண்டும், எதிரில் இருப்பவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்றைக்குப் பாடம் சொல்ல யூடியூப் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதித் தர ஏஐ வந்துவிட்டது. எதிரில் இருப்பவளுக்கு எங்கே புரியாமல் போனது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தை எந்த ஸ்மார்ட் போர்டும் தராது. நாளைக்கு வேலையில் ஒரு டீமை நடத்தப் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி என்ன இருக்கிறது?

நம்ம ஊரிலும் இதற்குப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று நடத்தியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறைதான் மூலம். பெஞ்சு இல்லை, பாய். ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள். ஆளுக்கொரு அட்டை, ஏணிப்படி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்குக் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. டீச்சரும் தரையில்தான். 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. சென்னையில் ஏசி பள்ளிகளைத் தேடி நாம் அலைந்த அதே காலத்தில், ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளியில் இது நடந்தது.

பிறகு ஆட்சி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள், புத்தகமும் முறையும் மாறின. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்று வேறொரு திட்டம் வந்தது. ஒவ்வொன்றிலும் நல்லது இருக்கிறது. ஆனால் ஒன்று வேர் விடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சியால்தாவில் சிஸ்டர் சிரில் 2011 வரை, முப்பது வருஷத்துக்கு மேல், ஒரே நாற்காலியில் இருந்தார். தலைமை என்றால் முதலில் அதுதான். ஆரம்பித்ததற்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

மேலிருந்து உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதையும் வங்காளத்தில் பார்க்கலாம். 1980-களின் தொடக்கத்தில் இங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை எடுத்தார்கள். தாய்மொழியில் படிக்கட்டும் என்ற எண்ணம் தப்பில்லை. ஆனால் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இல்லாதவர் மாட்டிக்கொண்டார்கள். 1999-இல் மூன்றாம் வகுப்பிலும், 2004-இல் முதல் வகுப்பிலும் ஆங்கிலம் திரும்பி வந்தது. நடுவில் படித்த ஒரு தலைமுறைக்கு யார் பதில் சொல்வது?

இப்போது நம் கதைக்கு வருவோம். என் மகள் ஏழாவது படிக்கிறாள். வீட்டில் தமிழ், லிஃப்டில் ஹிந்தி, கடையில் வங்காளம், கீழ்வீட்டுப் பாட்டியிடம் அரைகுறை உருது. ஸ்கூலில் இது எதற்கும் மார்க் கிடையாது. இந்த ஊருக்கு வந்த நம் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான். நாலு மொழிக்காரர்கள் நடுவில் நின்று வேலை வாங்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டுபோய், அவளைப் போலவே இருக்கும் முப்பது பேர் நடுவில் பூட்டி வைக்கவா இவ்வளவு ஃபீஸ்?

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளை நீதிமன்றம் பிறகு அதிலிருந்து விலக்கிவிட்டது. லொரெட்டோ சிறுபான்மைப் பள்ளிதான். சட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பே, யாரும் கேட்காமலே, பாதி இடத்தைக் கொடுத்திருந்தது.

ஆகவே அடுத்த அட்மிஷன் சீசனில் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் நாலு பெயர் சொல்லப் போவதில்லை. ஸ்கூலுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். பிரின்சிபால் வந்து எத்தனை வருஷம் ஆகிறது? ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித் தர டைம்டேபிளில் இடம் இருக்கிறதா? இந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே படிக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். முழிக்கட்டும். ஃபீஸ் கட்டும் நாலு பேர் கேட்டால்தான் இது அவர்கள் காதில் விழும்.

பி.கு: ஏசியைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. மே மாதக் கொல்கத்தாவில் அது வேண்டியதுதான்.