சந்தையில் ‘ஓர்கானிக்’ மரக்கறி: உத்தரவாதம் தருவது யார், விலை கொடுப்பது யார்?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் புலம்பெயர் உறவுகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இங்க ஓர்கானிக் மரக்கறி எங்க வாங்கலாம்?” திருவிழா நடக்கும் 25 நாட்களும் பல வீடுகளில் மரக்கறிச் சமையல்தான். லண்டனிலும் ரொரன்ரோவிலும் முத்திரை பார்த்து வாங்கிப் பழகியவர்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் தங்கும்போதும் அதையே தேடுகிறார்கள். சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் இன்னும் அழுத்திக் கேட்கிறார்கள்.

கொழும்பில் தங்குபவர்களுக்கு வழி ஓரளவு இலகு. சுப்பர் மார்க்கெட்டுகளில் தனித் தட்டு இருக்கும். 2012இல் தொடங்கிய குட் மார்க்கெட் போன்ற இடங்களில், பரிசீலிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர்களே நேரடியாக விற்கிறார்கள். வடக்கில் நிலைமை வேறு. திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளுக்குப் பல தோட்டங்களின் மரக்கறி வருகிறது. வியாபாரியின் கைக்குப் போனதும் அது ஒரே குவியலாகிவிடுகிறது. மருந்தடிக்காமல் வளர்த்த கத்தரிக்காயும் மூன்று நாளுக்கு முன் மருந்தடித்த கத்தரிக்காயும் அங்கே ஒரே விலைதான்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்

முதலில் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘ஓர்கானிக்’ அல்லது சேதன விளைபொருள் என்றால் செயற்கைப் பசளையோ செயற்கைப் பீடைநாசினியோ பயன்படுத்தாமல் விளைந்தது. அதற்கென எஸ்.எல்.எஸ். 1324 என்ற இலங்கைத் தரநிலை இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ‘ஜி.ஏ.பி.’ சான்றிதழ் வேறு. அது சிறந்த விவசாய நடைமுறைகளுக்கானது: சிபாரிசு செய்யப்பட்ட அளவில் மருந்து அடிக்கலாம், அடித்தபின் அறுவடைக்கு உரிய நாட்கள் பொறுக்க வேண்டும். அதுவும் பயனுள்ளதுதான், ஆனால் ஓர்கானிக் அல்ல. மூன்றாவது ‘பாரம்பரியம்’. மொட்டைக்கறுப்பனோ சீனட்டியோ பாரம்பரிய நெல் இனங்கள். அந்த நெல்லுக்கும் யூரியா போடலாம். இனத்தின் பெயர், அது வளர்க்கப்பட்ட முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

பொதி செய்த பொருளில் இவற்றைத் தேடிப் பார்க்கலாம். சாக்கில் வந்து தராசில் ஏறும் மரக்கறிக்கு விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே சான்று.

தடை விட்டுச்சென்ற காயம்

ஓர்கானிக் பற்றிப் பேச்செடுத்தாலே நமது கமக்காரர்கள் முகத்தைத் திருப்புவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பத்து வருடங்களில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்பது 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவின் வாக்குறுதி. 2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயனப் பசளை மற்றும் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. மாற்றாகச் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கு செய்யும் பக்ரீரியா இருப்பதாக இலங்கையின் பரிசோதனைகள் கூறின, கப்பல் திருப்பியனுப்பப்பட்டது. ஆனாலும் 2022 ஜனவரியில் அதற்காக 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. 2021 நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல், முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

கொள்கையை அறிவித்தது அரசாங்கம். நட்டம் முழுவதும் விழுந்தது வயலில் நின்றவர் தலையில். சேதன விவசாயம் தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. மண்ணைத் தயார்படுத்தவோ, பசளை உற்பத்தியைப் பெருக்கவோ, பயிற்சி கொடுக்கவோ ஒரு போகமாவது அவகாசம் தரப்படவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் மேலிருந்த நம்பிக்கை அன்று போனது, இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

ஏன் இது வசதியானவர்களின் விருப்பம் மட்டுமல்ல

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல் பாறைக்குள் தேங்கும் ஒரே நிலத்தடி நீர். வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், கோவா என்று வருடம் முழுவதும் செய்கை நடக்கும் வலிகாமத்துச் செம்மண்ணில், பயிர் உறிஞ்சாத நைதரசன் மழையோடு கீழிறங்குகிறது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதில் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே இதில் ஆபத்து அதிகம். ஆகவே நாம் எந்த மரக்கறியை வாங்குகிறோம் என்பது, அதை வாங்காத அயல்வீட்டுக்காரரின் கிணற்றையும் பாதிக்கிறது.

சான்றிதழின் செலவு

பிறகு ஏன் கமக்காரர்கள் சான்றிதழ் எடுப்பதில்லை? தேசிய சேதனக் கட்டுப்பாட்டு அலகு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ் இருக்கிறது. இந்நாட்டின் சேதனச் சான்றிதழ் முறை தேயிலை, வாசனைத் திரவியம், தேங்காய் உற்பத்திகளை ஐரோப்பாவுக்கு அனுப்பவே வளர்ந்தது. வருடாந்தப் பரிசோதனைக் கட்டணத்தை ஏற்றுமதி நிறுவனம் தாங்கும். இரண்டு பரப்புத் தோட்டம் செய்பவரால் முடியாது. ஐரோப்பிய விதிகளின்படி மரக்கறி போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கே இரண்டு வருட மாற்றக் காலம் வேண்டும். அந்த இரண்டு வருடமும் விளைச்சல் குறையலாம், விலை கூடாது.

இன்னொரு தடையைப் பலரும் பேசுவதில்லை. வலிகாமத்தில் கணிசமானோர் தோட்டம் செய்வது குத்தகைக் காணியில். அடுத்த வருடம் அதே காணி கிடைக்குமா என்று தெரியாதவர், குழை தாழ்த்தி, எருப் போட்டு மண்ணைத் திருத்துவதில் முதலிட மாட்டார். அந்தக் காணிகள் பலவற்றின் உரிமையாளர்கள், ஓர்கானிக் மரக்கறி எங்கே கிடைக்கும் என்று கேட்கும் அதே புலம்பெயர் உறவுகள்தான்.

செய்யக்கூடியவை

பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்று உண்டு. ஒரு பகுதியின் கமக்காரர்களும் வாங்குபவர்களும் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிட்டு உத்தரவாதம் அளிப்பார்கள். சர்வதேச சேதன விவசாய இயக்கங்களின் கூட்டமைப்பு இதை ஏற்றுக்கொள்கிறது. இலங்கையிலும் நடைமுறையில் உள்ளது. ஏற்றுமதிக்கு இது பெரும்பாலும் போதாது. உள்ளூர்ச் சந்தைக்குப் போதும்.

அதற்குச் சந்தையில் இடம் வேண்டும். பொதுச் சந்தைகள் பிரதேச சபைகளின் கையில் இருக்கின்றன. 2025 மே தேர்தலுக்குப் பின் அங்கே மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சந்தையிலும் இரண்டு கடைகளை இத்தகைய குழுக்களுக்கு ஒதுக்கக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போதைக்கு ஊரில் தங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொதுவாக அதிகம் மருந்து வாங்கும் கத்தரி, மிளகாய், கோவா, பயற்றங்காயை, தோட்டத்தையே போய்ப் பார்த்து, கடைசியாக எப்போது என்ன அடித்தீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வளவுகளில் மருந்தின்றி வளரும் முருங்கையிலை, வாழைப்பூ, பலாக்காய், ஈரப்பலா, பனங்கிழங்கு ஆகியவற்றுக்கு முத்திரை தேடி அலைய வேண்டாம். உங்களுக்குக் குத்தகைக்கு விட்ட காணி இருந்தால், திரும்பிப் போகுமுன் அதைச் செய்பவரோடு ஐந்து வருட எழுத்து ஒப்பந்தம் ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள்.