தை முகூர்த்தமும் காயாத ஜாயின்ட்டும்



மார்கழி பிறந்துவிட்டால் புது வீடு கட்டுகிறவர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. தையில் முகூர்த்தம் குறித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. வீட்டிலோ ஃபால்ஸ் சீலிங் பாதியில் நிற்கிறது. பெயின்டர் தினமும் போன் போடுகிறார். இந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது ஜிப்சம் போர்டின் ஜாயின்ட் வேலைதான்.

கிரகப்பிரவேசத்தன்று பளிச்சென்று இருந்த சீலிங்கில், சித்திரை வெயிலுக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல விரிசல் விட்டுவிட்டது என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். பழி போர்டின் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் கோளாறு இணைப்பில்தான். டேப் ஒட்டாமல் வெறும் பட்டி பார்த்திருப்பார்கள். இல்லை, ஒரு கோட் காய்வதற்குள் அடுத்ததை இழுத்திருப்பார்கள்.

போர்டின் நீளவாக்கு ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சற்று மெலிந்து சரிந்திருக்கும். இரண்டு ஓரங்கள் சேரும்போது ஆழமில்லாத ஒரு பள்ளம் கிடைக்கும். அதில் ஜாயின்டிங் காம்பவுண்ட் பூசி, ஈரத்தோடு ஈரமாக 2 அங்குல பேப்பர் டேப்பை நடுவில் பதித்து, பிளேடால் அழுத்தி இழுக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் பிறகு குமிழ் விடும். காய்ந்தபின் இரண்டாவது கோட் இன்னும் அகலமாக; மூன்றாவது ஏறக்குறைய ஓர் அடி அகலத்துக்கு. கடைசியில் நைஸ் உப்புத்தாள். வெட்டிய ஓரங்கள் சேரும் இடத்தில் இந்தப் பள்ளம் இருக்காது. அங்கே இன்னும் அகலமாக இழுத்தால்தான் மேடு தெரியாது.

செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் கொத்தனார் கோழிவலை அடித்துவிட்டுப் பூசுகிறாரே, டேப் ஒட்டுவதும் அதே கணக்குதான். இரண்டு பக்கமும் அசையும்போது அந்த இழுவையை வெறும் பூச்சு தாங்காது.

ரெடிமேடாக வரும் காம்பவுண்ட் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாளாவது காய வேண்டும். மழை ஈரமும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் அதற்கு மேலும் ஆகும். தை முகூர்த்தத்துக்கு ஓடும் வீடுகள் எல்லாம் இந்த வேலையைச் செய்வது சரியாக இந்த ஈர மாதங்களில்தான்! நிறம் அடர்ந்து திட்டாகத் தெரியும் இடம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். பெயின்ட் அடிக்குமுன் இருட்டிய பிறகு டார்ச்சை சீலிங்கோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்த மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

இந்த இதழின் சிறப்புப் பகுதி சீலிங் வேலையைப் பற்றியதுதான். படித்துவிட்டு உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள். கொட்டேஷனில் ‘டேப்புடன் மூன்று கோட்’ என்று எழுதி வாங்க மறக்காதீர்கள். அடுத்த முறை யாராவது முகூர்த்தம் குறிக்கக் கிளம்பினால், ஜோசியரிடம் போகுமுன் சீலிங் வேலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்