சோம்பல் என்று சொல்லுமுன்

கொழிஞ்சாம்பாறையில் பிற்பகல் உறக்கத்திற்குப் பாலக்காட்டுக் கணவாயின் வெயிலைக் காரணம் காட்டுவது எளிது. ஆடிக்காற்று வீசும் நாளிலும் கண் சொக்குகிறது, கணக்கேட்டில் மனம் நிலைக்கவில்லை எனில், காரணத்தை உடலுக்குள் தேட வேண்டும்.

முதலில் ஐயுறத்தக்கது இரத்தச்சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கேரளத்தில் 36.3 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினரும் இரத்தச்சோகை உடையவர்கள். எல்லையின் இருபுறமும் உறவு கொண்ட நமக்கு இவ்விரண்டும் வீட்டுக் கணக்குகளே. ஆயினும் சோர்ந்து அமரும் பெண்ணைச் சோம்பேறி என்கிறோம். அவரோ உறக்கம் கலைய, உண்டு முடித்தவுடன் தேநீர் அருந்துகிறார். தேநீரின் டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. தெளிவுக்கென அருந்துவது சோர்வையே வளர்க்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்து அருந்தலாம்.

தைராய்டு குறைபாடு, நீரிழிவு, ஒவ்வாமைக்கு உண்ணும் சில மாத்திரைகள் ஆகியனவும் காரணமாகலாம். ஆண்களின் உரத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கம் என மெச்சுவது பெரும் பிழை; மூச்சு இடையிடையே தடைபட்டு, இரவு முழுதும் உறக்கம் கலைந்துகொண்டிருக்கலாம்.

மருந்துக்கடையில் தாமே சத்து மாத்திரை வாங்கி விழுங்குவதை நான் ஏற்பதில்லை. முதலில் இரத்தப் பரிசோதனை. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவரை அணுகுக.