சிறு நெபுலாக்களும் நீலகிரி வானமும்

வானத்தைப் படம் பிடிக்கும் ஆர்வம் நம் மாணவரிடையே பெருகி வருவது மகிழ்தற்குரியதே. ஆயின் அவர்தம் நாட்டம் பெரும்பாலும் பால்வீதியின்மேலும் பரந்த நெபுலாக்களின்மேலுமே செல்கின்றது. அப்படங்கள் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. எனினும் அவை உலகெங்கும் பல்லாயிரவர் எடுத்த படங்களினின்றும் சிறிதும் வேறுபடுவதில்லை. நீலகிரியில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமானதொரு வேலை உண்டு என்பதே நம் கருத்து. அது யாதெனின், நீண்ட குவியதூரமுள்ள தொலைநோக்கியைக்கொண்டு சிறிய கிரக நெபுலாக்களைப் படமெடுத்தலாம்.

கிரக நெபுலா என்பது பொருந்தாப் பெயர். வட்டமாய்க் கிரகம்போலத் தோன்றியமையின் வில்லியம் ஹெர்ஷல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரை இட்டார். உண்மையில் இவை, நம் சூரியனை ஒத்த நட்சத்திரங்கள் முதுமையெய்திப் புறத்தே உதறிவிட்ட வாயுப் போர்வைகள். நடுவே எஞ்சி நிற்கும் வெம்மை மிக்க கருவே அவ்வாயுவை ஒளிரச் செய்கின்றது. 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இரவில் வில்லியம் ஹக்கின்ஸ் இத்தகைய நெபுலா ஒன்றின் ஒளியை முப்பட்டகத்தாற் பகுத்துப் பார்த்தபொழுது, வானவில்லின் நிறங்களுக்கு மாறாகச் சில தனிக்கோடுகளே தோன்றின. பச்சைநிறக் கோடு எப்பொருளுக்குரியதென்று புலப்படாமையின் ‘நெபுலியம்’ என்றொரு புதுப்பொருளையே கற்பித்தனர். அது எலெக்ட்ரான் இரண்டை இழந்த ஆக்ஸிஜனே என்று 1927இல் போவன் என்பவர் விளக்கினார். ஒளி முழுதும் சில கோடுகளிற் குவிந்திருத்தலின், அக்கோட்டை மட்டும் விடுகின்ற வடிகண்ணாடியை மாட்டிவிட்டால், நிலவொளியும் தெருவிளக்கும் பெரும்பாலும் விலக்கப்படுகின்றன.

இந்நெபுலாக்களுக்கும் நம் மலைக்கும் ஓர் உறவுண்டு. வில்லியம் ஹெர்ஷலின் பேரரும், நன்னம்பிக்கை முனையில் தென்வானத்தை ஆராய்ந்த ஜான் ஹெர்ஷலின் மைந்தருமான கேப்டன் ஜான் ஹெர்ஷல், 1868இல் தென்னிந்தியாவிலிருந்து தென்வான நெபுலாக்களின் ஒளியைப் பகுத்தாராய்ந்தார். 1871 டிசம்பர் 12இல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்பொழுது, கர்னல் டென்னன்டின் குழுவினருடன் அவர் தொட்டபெட்டாவில் இருந்தார். அக்குழுவினர் சூரிய மகுடத்தைப் புகைப்படமும் எடுத்தனர். அன்றே பிரெஞ்சு வானநூலார் ஜான்சன் உதகைக்கு அண்மையிலுள்ள சோலூரினின்று நோக்கினார். பின்னர்ப் பெரியதொரு வானாராய்ச்சி நிலையத்துக்கு இடந்தேடியபொழுது, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்த மிச்சி ஸ்மித், பழனி மலையையும் நீலகிரியையும் ஒருங்கே ஆராய்ந்தார். 1893இல் கோடைக்கானலே தெரிந்தெடுக்கப்பட்டது.

இங்கே ஒரு தடை எழும். பெருநிலையத்துக்கு ஏற்காத மலை நமக்கு மட்டும் எவ்வாறு ஏற்கும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; அது ஓய்ந்ததும் வடகிழக்கு மழை. எஞ்சிய நாட்களிலும் மாலையிற் பள்ளத்தாக்கினின்று மூடுபனி ஏறிவந்து குன்னூரை மூடிவிடுவது நாம் அறிந்ததே. இவையெல்லாம் மெய்யே. ஆயின் நிலையத்துக்கு ஆண்டு முழுதும் வானம் வேண்டும். நமக்குச் சில மணி நேரம் போதும். மழையற்ற ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நம் தலைக்கு மேலே வருவன எவை என்று பாருங்கள். முயல் மண்டலத்தில் ஐ.சி. 418, மிதுனத்தில் என்.ஜி.சி. 2392, நீர்ப்பாம்பில் என்.ஜி.சி. 3242. உதகையின் அட்சாம்சம் 11 பாகையும் சில கலைகளும் ஆதலின், இவற்றுள் கடைசியாகக் கூறியதே 60 பாகை உயரம் எழுகின்றது. லண்டனில் இருப்பவர்க்கு அது 20 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கேப்டன் ஹெர்ஷலின் தந்தை 1834இல் கண்டுபிடித்த என்.ஜி.சி. 3918 அவர்க்கு உதிப்பதேயில்லை. நமக்கோ தென்திசை மலைகளுக்கு மேலே நன்கு தெரியும்.

இனி நீண்ட குவியதூரம் ஏன் வேண்டும் என்பதைக் கூறுவோம். ஐ.சி. 418 ஏறக்குறைய 12 விகலை அகலமே உடையது. முழுமதியின் அகலத்தில் 150இல் ஒரு பங்கு. பார்வைக்கு நட்சத்திரம்போலவே தோன்றும் இதனை 1891இல் ஹார்வர்டின் புகைப்படத் தகடுகளிற் கண்டறிந்தவர் வில்லியமினா பிளெமிங் அம்மையார். 500 மில்லிமீட்டர் குவியதூரத்தில் இதன் உருவம் 0.03 மில்லிமீட்டரே, வெறும் புள்ளி. 2,800 மில்லிமீட்டரில் அது 0.16 மில்லிமீட்டர் ஆகின்றது. இதுவும் சிறிதே, ஆயினும் விளிம்பும் நடுநட்சத்திரமும் பிரிந்து தோன்ற இடமுண்டு. எதிரி வளிமண்டலமே. நல்லிரவிலும் காற்றின் அலைவு ஒரு நட்சத்திரத்தை ஒன்றிரண்டு விகலை அளவுக்குப் பரப்பிவிடும். ஆகவே நெடுநேரம் ஒரே படமாக எடுத்தல் கூடாது. இச்சிறு நெபுலாக்கள் பரப்பொளி மிக்கவை. சில விநாடிகளே கொண்ட நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, காற்று அடங்கிய கணங்களில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்தல் வேண்டும். பொறுக்குங்கால் இரக்கம் கூடாது.

தாங்கியைப் பற்றியும் ஒரு சொல். நம் மலையில் துருவ நட்சத்திரம் 11 பாகை உயரத்திற்றான் நிற்கும். பலவிடங்களில் மலைச்சரிவே அதனை மறைத்துவிடும். வடநாடுகளை எண்ணிச் செய்த தாங்கிகள் பல அவ்வளவு தாழச் சாய்வதில்லை. எதிர்ப்பாரம் முக்காலியில் இடிக்கும். இதே அட்சாம்சத்தை ஆதாயமாக்கியவர் கோவிந்த் ஸ்வரூப். 11 பாகைச் சரிவுள்ள மலைச்சாரலைத் தேடி, 530 மீட்டர் நீளமுள்ள உதகை ரேடியோ தொலைநோக்கியை அதன்மேல் நிறுவினார். சரிவே பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. 1970இல் அது இயங்கத் தொடங்கியது. நாம் ஓர் ஆப்பைச் செருகிச் சரிசெய்துகொள்ளலாம். விநாடிக் கணக்கிலான படங்களுக்குச் சிறு பிழை பெருந்தீங்கு செய்யாது.

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தபின் நாம் எடுப்பதனால் ஆவதென்ன என்பாரும் உளர். ஹப்பிள் எடுத்தது ஹப்பிளின் படம். இவ்வேலையில் ஒருமுறை கைவைத்த மாணவர் காற்றின் இயல்பையும், ஒளியின் பகுப்பையும், பிழைகளின் கணக்கையும் பாடநூல் தாராத வகையிற் கற்கின்றனர். நாம் அஞ்சுவது வேறொன்று. கலாசாலைத் தொலைநோக்கிகள் சில, சந்திரனைக் காட்டும் ஒருநாளுக்குப்பின் ஆண்டு முழுதும் அலமாரியிலேயே உறங்குகின்றன. மலைச்சரிவெங்கும் விடுதிகளின் விளக்குகள் இரவு முழுதும் எரிகின்றன. வடிகண்ணாடி நெபுலாவைக் காக்கும். மங்கிய நட்சத்திரங்களைக் காக்குமா?

ஆதலின் மூன்று மாதங்களுக்கு விளையாட்டுத் திடலின் விளக்குகளை இரவு பத்து மணிக்குமேல் அணைத்துவிடுமாறும், தொலைநோக்கியின் திறவுகோலை மாணவர் கழகத்திடம் ஒப்புவிக்குமாறும், எடுத்த படங்களை நாளும் நேரமும் குறித்துப் புத்தகசாலையில் வைக்குமாறும் ஆசிரியர்களை வேண்டுகின்றோம். பழைய மாணவருள் தோட்டங்களில் வாழ்வோர் தத்தம் மேட்டுநிலத்தை ஓரிரவு தந்துதவலாம். கம்பளியும், பனித்துளி படியாமற் காக்கும் வெப்பப்பட்டையும் மறத்தல் கூடாது. தேயிலைச் செடிகளினூடே காட்டெருமைகள் இரவில் உலவுமாதலின், தனியே எவரும் செல்லவேண்டா.