7,800 கி.மீ-க்கு 13 மணி நேரமா? ஹெல்சின்கி - டோக்கியோ விமானம் ஊரைச் சுற்றுவது ஏன்?

கூகுளில் 'ஹெல்சின்கி டு டோக்கியோ எவ்வளவு தூரம்'னு தட்டிப் பாருங்க. சுமார் 7,800 கி.மீ என்று வரும். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ வேகத்தில் பறக்கும். கணக்குப் போட்டால் ஒன்பது, ஒன்பதரை மணி நேரம். ஆனால், டிக்கெட்டில் கிட்டத்தட்ட 13 மணி நேரம்னு இருக்கும். பிரின்ட் மிஸ்டேக் இல்லை பாஸ்!

நேர்வழியில் போனால் பயணத்தின் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலேதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தது. ஐரோப்பிய யூனியன் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு பிப்ரவரி 28-ல், 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யாவும் கதவைச் சாத்திவிட்டது.

அதில் செம அடி வாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர். 'ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஷார்ட்கட் எங்க ஊர்தான்' என்பதுதான் அதன் பிசினஸே. ஒன்பதரை மணி நேரம் போக, ஒன்பதரை மணி நேரம் வர. நடுவில் கிளீனிங், எரிபொருள் எல்லாம் சேர்த்தும் ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்த் திரும்பிவிடும். தினமும் ஒரு சர்வீஸுக்கு ஒரு விமானம் போதும். இப்போது போக வர பறக்கவே 26 மணி நேரம். அதே சர்வீஸுக்கு ஒரு விமானம் பத்தாது. எரிபொருள் கூடுதல், பைலட்டுகள் கூடுதல், கார்பன் புகையும் கூடுதல்.

சரி, எப்படித்தான் போகிறார்கள்? ஒன்று, வடக்கே ஏறி வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கமாக பெரிங் ஜலசந்தி வழியே ஜப்பானுக்கு இறங்குவது. இல்லையென்றால் தெற்கே வளைந்து மத்திய ஆசியா, சீனா வழியாகப் போவது. அன்றைக்கு அடிக்கிற காற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

துருவப் பாதை புதுசும் இல்லை. 1983-ல் ஃபின்ஏர் டோக்கியோவுக்கு முதன்முதலில் நான்ஸ்டாப் விட்டபோதும், சோவியத் வானம் மூடிக்கிடந்ததால் இப்படித்தான் சுற்றியது. நாற்பது வருட டெக்னாலஜி முன்னேற்றத்தை ஒரே உத்தரவு அழித்துவிட்டது! 2022-ல் அந்த வழியே பறந்த பயணிகளுக்கு 'வடதுருவத்தைக் கடந்தவர்' என்று சர்டிஃபிகேட்கூட கொடுத்தார்கள். இன்ஸ்டா ஸ்டோரிக்கு ஓகே, கம்பெனிக்கு? சும்மா நின்ற விமானங்களில் இரண்டை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்கு வாடகைக்கு விட்டது ஃபின்ஏர். அமெரிக்கா, தோஹா என்று வேறு ரூட் பிடித்தது.

சீன விமானங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவை இன்றும் ரஷ்யாவுக்கு மேலேயே ஐரோப்பா போய் வருகின்றன. ஐரோப்பியக் கம்பெனிகள் புலம்புவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நம்ம ஏர் இந்தியாவும் ரஷ்ய வானத்தில் பறக்கலாம். ஆனால், 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா கிளம்பிய நான்ஸ்டாப் விமானங்களில் சில, வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.