கத்தி பிடித்த கை

முடிதிருத்துறவர் நடிகரானா 'தொழிலை மாத்திக்கிட்டாரு' என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். சாதிச் சமூகத்தில் தொழில் என்ன சட்டையா, கழற்றி மாட்ட?

பீகாரின் சாரண் மாவட்டம் குதுப்பூரில், 1887இல் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் பிக்காரி தாக்கூர். பிழைக்க வங்காளம் போய்ச் சவரம் செய்தார். அங்கே ராம்லீலா பார்த்தார். ஊர் திரும்பி ஆட்டக்குழு கட்டினார்.

அந்தப் பக்கம் நாவிதருக்குச் சவரம் மட்டுமா வேலை? கல்யாணச் சேதி சுமந்து வீடுவீடாப் போகணும். எந்தக் கிழவனுக்கு எந்த ஏழைப் பெண்ணைக் காசுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதைத்தான் 'பேட்டி பேச்வா' நாடகமாக்கி ஊர் நடுவே ஆடினார். கல்கத்தாவுக்குப் போனவனின் மனைவி படும் பாடுதான் 'பிதேசியா'.

1971இல் மறைந்தவரை இன்று 'போஜ்புரி ஷேக்ஸ்பியர்' என்கிறார்கள். எதுக்கு இந்த இரவல் தலைப்பாகை? அவர் குழுவில் பெண் வேடம் கட்டிய தலித் கலைஞர் ராம்சந்திர மாஞ்சிக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது 2021இல். வயசு தொண்ணூறைத் தாண்டியாச்சு. அடுத்த ஆண்டே இறந்தார். காலமெல்லாம் கூத்தாடி என்று ஏசிய வாய்தான் கடைசியில் 'கலை' என்றது.

நாடகம் எழுதியது கத்தி பிடித்த கை. கத்தியை மறைத்துக் கையை மட்டும் புகழ்வதும் தீண்டாமைதான், தோழர்களே.