பலாலி: வேலிக்கு முன் விளக்கம் வேண்டும்

யாழ்ப்பாணத்து வானில் மீண்டும் பயணிகள் விமானம் பறக்கிறது. இதைக் கண்டு மகிழாதார் எவர்? 1947 டிசெம்பரில் எயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையைத் தொட்டே சென்னைக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் தம் படைத்தேவைக்கென அமைத்த பலாலித் தளம், அப்போர் ஓய்ந்தபின் எம்மவரை அக்கரையோடு இணைக்கும் வாயிலாயிற்று. உள்நாட்டுப் போர் அவ்வாயிலை அடைத்தது. 2019 ஒக்டோபர் 17 இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொள்ளைநோயால் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 இல் திருச்சிக்கும் வழி பிறந்தது.

இனி விரிவாக்கம் என்கிறார்கள். விரியட்டும்! எழுபது எண்பது பேர் ஏறும் சிறு விமானங்களோடு பலாலி நின்றுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. வைத்தியத்துக்குச் செல்வோரும், கல்விக்குச் செல்வோரும், கடல் கடந்து வாழும் உறவினரும், விளைபொருளை வெளியே அனுப்ப விரும்புவோரும் பெரிய விமானங்களை எதிர்பார்ப்பது நியாயமே. பெரிய விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். ஓடுபாதைக்குக் காணி வேண்டும். எவர் காணி? எவரைக் கேட்டு? அக்காணியின் கீழுள்ள நீருக்கு யார் பொறுப்பு? இவையே எமது கேள்விகள்.

வலிகாமம் வடக்கு மக்களுக்கு இக்கேள்விகள் புதியன அல்ல. 1990 ஜூனில் அவர்கள் உடுத்த உடையோடு ஊரை விட்டு வெளியேறினார்கள். 2013 ஏப்ரலில், அவர்கள் திரும்பிவரக் காத்திருந்த வேளையில், 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் படைத் தேவையின் பெயரால் ஒட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். பின்னர் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. வெங்காயமும் புகையிலையும் வாழையும் செழித்த செம்மண்ணை இழந்து தவித்தவனிடம், மீண்டும் அளவுச் சங்கிலியோடு செல்வோர் முதலில் விளக்கம் கூறக் கடமைப்பட்டவர்கள்.

நிலத்தைவிட நீரின் கதை நுட்பமானது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்கும் நன்னீரே குடிநீர். அதுவே தோட்டத்துக்கும் நீர். அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. மழை இறங்கும் தரையைத் தாரும் கொங்கிறீட்டும் கொண்டு மூடினால் ஊறுவது குறையும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். விமான எரிபொருள் சிந்தினால், தடுக்க மண்படை தடிப்பாக இல்லாத இடத்தில் அது கிணற்றுக்குச் செல்ல நெடுங்காலம் எடுக்காது.

இது வீண் அச்சமா? சுன்னாகத்துக் கிணறுகளைக் கேளுங்கள். அங்கே மின்நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. ஆனால் பணம் கொடுத்துக் கிணற்றைக் கழுவ முடியுமா? கெட்டபின் வழக்காடுவதிலும் கெடாமல் காப்பதே அறிவுடைமை.

காப்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டு, பெருந்திட்டங்களுக்கு முன்னனுமதி கட்டாயமாக்கப்பட்டது. விமான நிலையம் அமைப்பதும், உள்ள நிலையத்தின் கொள்ளளவை நூற்றுக்கு ஐம்பதோ அதற்கு மேலோ பெருக்குவதும் 1993 ஜூன் வர்த்தமானிப் பட்டியலில் உள்ளன. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால், மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, அறிக்கையை 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். சுருக்கமான ஆரம்ப ஆய்வோடு நிறுத்திக்கொண்டால் அந்த 30 நாள் உரிமை கட்டாயமல்ல.

ஓட்டை இங்கேதான் இருக்கிறது. இன்று ஓடுபாதைக்குச் சிறிது, நாளை முனையத்துக்குச் சிறிது, மறுநாள் எரிபொருட் குதத்துக்குச் சிறிது என்று வேலையைக் கூறுபோட்டால், எந்தக் கூறும் ஐம்பதைத் தொடாது. முழுவதும் சேர்ந்து ஊரையே தொட்டுவிடும்! அவசரத் தேவை என்று கூறி, 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 38 ஆம் பிரிவைக் கொண்டு உடனே காணியைக் கையேற்கவும் வழியுண்டு. வேலி முதலில், விளக்கம் பின்னர் என்ற நிலை இவ்வாறே உருவாகிறது.

அவசரத் திட்டத்தின் பலனை அறியத் தெற்கே பார்த்தால் போதும். முதலில் வீரவிலவை நாடி, எதிர்ப்பின்பின் மத்தளைக்குச் சென்று, 2013 மார்ச்சில் பெருங்கடனில் ஒரு விமான நிலையத்தைத் திறந்தார்கள். யானைகள் நடமாடும் காட்டோரத்தில் ஓடுபாதை. பறப்பதற்கோ பயணிகள் இல்லை. அதன் கட்டடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டதை நாடே கண்டது. பலாலிக்குப் பயணிகள் உண்டு. ஆயினும் திட்டமிடாத செலவும் திரும்பாத சேதமும் எங்கும் ஒன்றே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. விரிவாக்கம் முழுவதையும் ஒரே திட்டமாகக் கொண்டு, இறுதி எல்லைகளோடு தமிழில் வெளியிடுக. ஐம்பது வீதக் கணக்கில் ஒளியாமல், ஒரு மாரியும் ஒரு கோடையும் கிணறுகளை அளந்து முழு மதிப்பீடு செய்க. அது முடியும்வரை ஒரு பரப்புத் தனியார் காணியையும் புதிதாக எடுக்காது, அரசின் கையில் ஏற்கெனவே உள்ள நிலத்தை முதலிற் கணக்கெடுக்குக.

எம்மவர்க்கும் ஒரு சொல். பொறியியலாளரும் நிலஅளவையாளரும் சட்டத்தரணிகளும் அறிக்கை வரும் நாளில் அதைப் படித்து, ஊரவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். கமக்காரர் தம் உறுதிகளையும், கிணற்றில் நீர் ஏறி இறங்கும் கணக்கையும் இன்றே குறித்து வைக்க வேண்டும். 30 நாள் என்பது குறுகிய காலம். ஆயத்தமில்லாதவனுக்கு அது ஒரு நாளுக்குச் சமம்.

பலாலி எமது வாயில். அதை அகலத் திறப்போம். அதற்காக வீட்டுக் கிணற்றைத் தூர்க்க வேண்டியதில்லை.